புகைக்கூடத்துப் பொம்மையும் ஒரு கூறைச்சேலையும்

மலாயாவில், பேராக் ரப்பர்த் தோட்டமொன்றில் நான் கணக்கெழுதும் கிராணியாகப் பணியாற்றிய ஆண்டுகளைக் குறித்து எவரும் இதுவரை என் முகத்துக்கு நேரே குறை கூறியதில்லை. ஆகையால் இதை நான் எழுதாவிட்டால் வேறெவரும் எழுதப்போவதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுப்பகுதி. கல்லூரி நாளிலிருந்தே புகைப்படக் கலையில் எனக்கு ஈடுபாடு உண்டு. இருளில் கேமராவின் கண்ணைத் திறந்து வைத்துவிட்டு, பேட்டரி விளக்கின் ஒளியைத் தூரிகைபோல் ஓர் உருவத்தின்மீது தடவித் தடவிப் படம் எடுப்பது அப்போதைய என் சோதனை. கறுப்புக் கோட்டு அணிந்து நகர்ந்துகொண்டே இருந்தால் விளக்குப் பிடிப்பவன் படத்தகட்டில் பதியமாட்டான். ஆனால் அத்தனை நிமிடங்கள் அசையாமல் நிற்பது மனிதரால் ஆகாது. ஈப்போவில் மூடப்பட்ட துணிக்கடை ஒன்றிலிருந்து, மெழுகு முகம் கொண்ட ஆளுயரப் பெண் பொம்மையை வாங்கி, சாக்கில் சுற்றி மாட்டுவண்டியில் கொண்டுவந்தேன்.

ரப்பர்த் தகடுகளுக்குப் புகையூட்டிய பழைய கூடம் வெறுமனே கிடந்தது. சன்னல் இல்லாததால் நண்பகலிலும் அங்கே இருள். பொம்மையை அதில் நிறுத்திப் பூட்டினேன். படித்தவன் பொம்மை வைத்து விளையாடுகிறான் என்ற பேச்சு எழக்கூடாது.

அதற்கு உடுத்த ஒரு நல்ல சேலை தேவைப்பட்டது. ரப்பர் மரங்களில் பால் வெட்டிவிட்டு என் வீட்டையும் பெருக்க வந்த பால்வெட்டுக்காரியிடம் கேட்டேன். அவள் கணவனை இழந்தவள். என்னைத் தவிர அந்தப் பொம்மையைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

“எங்கிட்ட நல்லதுன்னு இருக்கிறது கூறைச்சேல ஒண்ணுதான் ஐயா. பொட்டியில சும்மாதானே கெடக்கு,” என்று கொண்டுவந்து, தானே கட்டிவிட்டு, பொட்டும் வைத்தாள். பொம்மையின் கன்னத்தைத் தட்டி, “மகராசி, ஒனக்காவது கொடுத்து வச்சிருக்கு,” என்று சிரித்தாள்.

படத்தில் முகம் பக்கவாட்டில் திரும்பி, கன்னத்தின் விளிம்பு மட்டும் ஒளிர்ந்தது. சேலைக் கரையின் அன்ன வரிசை துல்லியமாக விழுந்திருந்தது. விளக்கு ஒரு கணம் சாய்ந்ததில், என் இடக்கை மோதிரத்தோடு அதன் தோளருகே புகைபோல் பதிந்துவிட்டது. அந்தப் பிழையே படத்துக்கு உயிர் என்று கருதினேன். அச்சிட்டுக் கொடுத்த ஈப்போ ஸ்டூடியோவின் சீனர், தம் கண்ணாடிப் பெட்டியில் வைக்க அனுமதி கேட்டார். பெருமையோடு இசைந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்கப் போன தோட்டத்து மக்கள் அதைப் பார்த்தார்கள். அன்னக்கரைச் சேலையை அடையாளம் காண அவர்களுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? அவள் கல்யாணத்தில் சாப்பிட்டவர்கள்.

மறுநாள், ஆட்களை மேற்பார்க்கும் கங்காணி வந்தான்.

“கிராணி ஐயா, தாலியறுத்தவ கூறைச்சேல கட்டி, பொட்டு வச்சு நிக்கிறா. தோள்ல உங்க மோதிரக் கை. கேட்டா பொம்மைங்கிறா. அப்படி ஒண்ணு இருந்தா காட்டிப்புடுங்க, பேச்சு முடிஞ்சுது. இல்லாட்டி லயத்து வீட்டுல அவளுக்கு இடமில்ல.”

“என்னிடம் விளக்கம் கேட்க நீ யார்?” என்றேன்.

மாலையில் அவளே வாசலில் நின்றாள். “ஒரே ஒரு தடவ, எல்லாரும் கூடுற பெரட்டுக்களத்துக்குத் தூக்கிட்டு வாங்க ஐயா. கனமா இருந்தா நானும் ஒரு பக்கம் புடிக்கிறேன்.”

“நாளைக்குப் பார்க்கலாம்.”

பெரிய கிராணி பதவிக்கு அப்போது என் பெயர் துரையின் மேசையில் இருந்தது. பொம்மையைச் சுமந்து வரும் கிராணியைக் கண்டு முந்நூறு பேர் சிரிக்கும் ஓசை எனக்கு முன்கூட்டியே கேட்டது. அந்தப் பதவி பின்னர் எனக்குக் கிடைத்தது. மறுநாளும் அவள் வந்தாள். மறுநாளும் நாளை என்றே சொன்னேன். அன்று அவள் பானை சட்டிகளை லயத்து வாசலில் எறிந்திருந்தார்கள்.

அடுத்த நாள் விடியலில், ஆட்களின் பெயர் கூப்பிடும் பெரட்டில், அவள் பெயரை வாசித்தேன். மறுபடியும் வாசித்தேன்.

“சிம்பாங் பூலாய் பக்கமா நடந்து போயிட்டா ஐயா. பொட்டியக்கூட எடுக்கல,” என்றாள் பின்வரிசையில் ஒருத்தி.

புத்தகத்தை மூடினேன். புகைக்கூடத்தைத் திறந்து, பொம்மையை இரு கைகளாலும் தூக்கிவந்து அவர்கள் முன் நிறுத்தினேன். அவள் கட்டிவிட்ட மடிப்புக் கலையவில்லை. பொட்டும் இருந்தது.

ஒருவரும் சிரிக்கவில்லை. தாய்மார் இடுப்பிலிருந்த குழந்தை ஒன்று வீறிட்டது, பிறகு இன்னொன்று. கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, நெடுநேரம் அந்த மெழுகு முகத்தையே பார்த்தான்.

“உள்ள கொண்டு போயிருங்க ஐயா,” என்றான். “புள்ளைங்க பயப்படுது.”