1012 இன்னும் உள்ளே இருக்கிறார்

பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை என்று எதிர்பார்ப்பவர்கள் இங்கேயே எழுந்து போகலாம். எனக்கு நடந்தது பட்டப்பகலில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் 1:50-க்கு ஆரம்பித்து 3:12-க்கு முடிந்தது. நேரம் எப்படி இவ்வளவு துல்லியம் என்று கேட்காதீர்கள். சர்வர் எல்லாவற்றையும் குறித்து வைத்துக்கொள்ளும். என் தலைவலியே அதுதான்.

கட்டடங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கும் ஆபீஸ் எங்களுடையது. அங்கே ஒரு லினக்ஸ் சர்வர், அதற்குக் காவல்காரன் நான். சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து பாதி ஃபைல்கள் திறக்கவில்லை. டிஸ்க்கில் கோளாறு என்று தெரிந்தால் லினக்ஸ் உஷாராகிவிடும். படிக்க விடும், எழுத விடாது. "திங்கக்கிழமை காலைல எல்லாம் ஓடணும்" என்று முதலாளி சொல்லிவிட்டார். அவருக்கென்ன, வாயால் சொல்லிவிட்டுப் போய்விடுவார். பழைய சாமான் போட்டு வைத்திருந்த அறைதான் இப்போது சர்வர் அறை. ஜன்னல் கிடையாது. அதற்குள் நான் மட்டும்.

முதலில் டிஸ்க்கை சர்வரிலிருந்து பிரிக்க வேண்டும். கையால் அல்ல, கட்டளையால். பிறகுதான் பழுது பார்க்கலாம். 1:50-க்குக் கட்டளை கொடுத்தேன். மறுத்தது. டிஸ்க் உபயோகத்தில் இருக்கிறதாம். அதாவது, உள்ளே யாரோ உட்கார்ந்து வேலை செய்கிறார்கள்.

யார் என்று கேட்கவும் ஒரு கட்டளை உண்டு. கேட்டேன். பெயர் வர வேண்டிய இடத்தில் வெறும் எண். 1012.

லினக்ஸுக்கு நாமெல்லாம் எண்கள்தான். பெயர் ஒரு மரியாதைக்கு. ஆள் போய்விட்டால் பெயரை நீக்கிவிடுவோம். அவர் தொட்ட ஃபைல்களில் எண் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

1012 நூலக்கா. நூல் பிடித்தாற்போல் கோடு போடுவார் என்று ஆபீஸே வைத்த பெயர். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு தடவை சேமிப்பார். இரண்டு விரலால் டக்... டக். ஹாலின் அந்தக் கோடி வரை கேட்கும். "கரன்ட்டை நம்பலாம், மனுஷங்களை நம்பலாமா தம்பி?" என்று சிரிப்பார்.

இரண்டு வருடம் முன்னால் நாங்கள் வரைந்து கொடுத்த ஒரு வீட்டின் பால்கனி இடிந்து விழுந்தது. ஒரு பெண்ணுக்குக் கால் போனது. அக்கா பதினாறு எம்எம் கம்பி என்றுதான் போட்டிருந்தார். பத்து என்று மாற்றச் சொன்னவர் முதலாளி. பழி மட்டும் அக்கா தலையில் வந்து விழுந்தது.

"தம்பி, என் ஃபோல்டரைத் திறந்து காட்டு. நான் என்ன வரைஞ்சேன்னு அதுவே சொல்லும்."

"டிஸ்க் கரப்ட் ஆயிடுச்சுக்கா. ஒண்ணும் வரலை."

பச்சைப் பொய். முந்தின நாள் சாயங்காலம் முதலாளி சொல்லி, நான்தான் அந்த ஃபோல்டரை அழித்திருந்தேன். என் வேலை தப்பியது. அக்கா வீட்டோடு முடங்கி, எட்டே மாதத்தில் இறந்தார். இப்போதும் கோர்ட் ஆவணங்களில் தப்பு அவர் பெயரில்தான். அதைத் துடைக்க அவர் கணவர் ஒற்றை ஆளாக அலைந்துகொண்டிருக்கிறார்.

அந்த அக்காவின் எண்தான் என் எதிரே திரையில் இருந்தது.

எந்த ஃபோல்டரில் இருக்கிறார் என்று பார்த்தேன். அவருடைய பழைய ஃபோல்டர். பக்கத்திலேயே "அழிக்கப்பட்டது" என்ற குறிப்பு. இல்லாத ஃபோல்டரில், இல்லாத ஆள்.

2:17. அந்த இணைப்பைத் துண்டித்தேன். போனது. 2:18-க்கு மறுபடி வந்தது.

வெளியிலிருந்து எவனோ விளையாடுகிறான் என்று நினைத்தேன். நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கி என் சட்டைப் பையில் சொருகிக்கொண்டேன்.

1012 அசையவில்லை.

அப்போதுதான் கேட்டது. ஹாலின் கோடியிலிருந்து.

டக்... டக்.

எட்டிப் பார்த்தேன். அக்காவின் மேஜையில் கம்ப்யூட்டரே இல்லை. அதை எடுத்து ஒன்றரை வருடமாகிறது. தூசி மட்டும் இருந்தது.

டக்... டக்.

2:31. சர்வரை அணைத்தேன். விசிறி நின்றது. விளக்கு அணைந்தது.

டக்... டக்.

பழுதுபார்க்கும் முறையில் சர்வரை மீண்டும் எழுப்பினேன். கோளாறுகளை ஒவ்வொன்றாகக் காட்டிச் சரிசெய்யவா என்று கேட்டது. சரி, சரி, சரி... கடைசியில் ஒன்று. பெயரில்லாத, எந்த ஃபோல்டரிலும் சேராத ஒரு ஃபைல். இப்படிப்பட்ட அநாதைகளைப் போட லினக்ஸில் தனியாக ஒரு மூலை உண்டு. அங்கே அதைப் போட்டது.

3:04. திறந்தேன். உரிமையாளர் இடத்தில் 1012.

பால்கனி. பதினாறு எம்எம் கம்பி. நூல் பிடித்த கோடு.

கடைசியாகச் சேமித்த நேரம்: இன்று, மத்தியானம் 2:30. எழுத விடாத டிஸ்க்கில்.

ஒரு மனிதன் அப்போது என்ன செய்திருக்க வேண்டும்? அவர் கணவருக்குப் போன் செய்திருக்க வேண்டும். நான் முதலாளிக்குச் செய்தேன். அதுதான் நான்.

"வேற யாராவது பாத்தாங்களா?"

"இல்ல சார்."

"தூக்கிடு."

3:09. அழிக்கப் பார்த்தேன். அனுமதி இல்லை என்றது. அந்த மெஷினில் எனக்கு மேல் ஆளே கிடையாது. எனக்கு அனுமதி இல்லையாம்.

3:10. அனுமதி இல்லை.

டக் டக். டக் டக். இப்போது சர்வர் அறை வாசலில்...

நான் திரும்பவில்லை.

"அக்கா... எனக்கு வேலை போயிடும்க்கா..."

சத்தம் நின்றது.

3:12. மறுபடி அழுத்தினேன். அழிந்தது. 1012-உம் போனது. நான் சிரித்தேன். நிஜமாகவே சிரித்தேன், சனியன்.

புதன்கிழமை அக்காவின் கணவர் போன் செய்தார். குரல் உடைந்திருந்தது.

"தம்பி, நீங்க அனுப்பின மெயிலை இப்பதான் பாத்தேன். அவ வரைஞ்ச படம்... பதினாறு எம்எம். அவ பேரு பொழைச்சுதுப்பா. நீங்க நல்லா இருக்கணும்."

நான் மெயில் எதுவும் அனுப்பவில்லை.

"எப்ப... எப்ப வந்தது?"

"ஞாயித்துக்கிழமை. மூணு பன்னண்டு. உங்க பேர்லதான் வந்திருக்கு."

மூன்று பன்னிரண்டுக்குக் கேபிள் என் சட்டைப் பையில் இருந்தது.

"கூடவே இன்னொரு ஃபைலும் அனுப்பியிருக்கீங்களே தம்பி. ஒரே ஒரு வரி. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு தேதி, உங்க பேரு, ஏதோ இங்கிலீஷ்ல ஒரு கட்டளை, கூடவே அவ ஃபோல்டர் பேரு. எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல. வக்கீல்கிட்ட கொடுத்திருக்கேன். சாயங்காலம் பாத்துட்டு உங்களுக்கே போன் பண்றேன்னு சொன்னாரு."

இப்போது மணி 5:40. போனை மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.