ஈரச் சாக்கும் காந்தலூர் பிளம்ஸும்

போன வருடம் காந்தலூரிலிருந்து நான் ஆசையாகக் கொண்டுவந்த பத்துக் கிலோ பிளம்ஸ், கொழிஞ்சாம்பாறையில் எங்கள் காய்கறிக் கடைக்கு வந்த மூன்றாம் நாளே அழுகிவிட்டது. “இன்னொருக்கா இப்பிடி ஆச்சுன்னா மலைப்பழமே நம்ம கடைக்கு வேண்டாம் புள்ள” என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். பிளம்ஸ் விற்பது என் யோசனை. அதனால் ரோஷமும் எனக்குத்தான். இந்த மே கடைசியில் மறுபடி கிளம்பினேன்.

காலை 5.40க்குப் பொள்ளாச்சி பஸ். அங்கிருந்து உடுமலை, பிறகு மறையூர். மறையூரில் இறங்கும்போது மணி 10.50. காந்தலூருக்கு இன்னும் பதினாறு கிலோமீட்டர். ஷேர் ஜீப்பில் ஐம்பது ரூபாய் வாங்கினார்கள். தங்கிய அறைக்குத் தொள்ளாயிரம். அன்று மாலை குளிரில் குடித்த இரண்டு டீ பரம சுகம்.

தோட்டக்காரி மாரியம்மாளிடம்தான் போன தடவையும் வாங்கியிருந்தேன். அழுகிய கதையைச் சொன்னதும் கடையில் எப்படி வைத்தேன் என்று கேட்டாள். வெயிலுக்கு ஈரச் சாக்கு போட்டு மூடினேன் என்றேன். எங்கள் ஊரில் கீரை, கறிவேப்பிலை, முருங்கைக்காய் எல்லாவற்றுக்கும் அதுதான் வைத்தியம்.

“ஈரச் சாக்கா! அப்ப பழம் எங்க அழுகுச்சு? நீங்கல்ல அழுக வச்சிருக்கீக” என்று சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது. ஈரம் பட்டால் பிளம்ஸில் பூஞ்சை பிடித்துவிடும் என்று பிறகுதான் விளக்கினாள்.

மறுநாள் ஏழரைக்கு, பனி உலர்ந்து வெயில் ஏறுவதற்குள், காம்போடு பறிக்க ஆரம்பித்தாள். முழுதாகச் சிவந்ததை என் கையில் கொடுத்து, “இது இங்கயே திங்கிறதுக்கு. கடைக்குக் கெட்டியாத்தான் போகணும்” என்றாள். ஒரு பழத்தின் மேலிருந்த வெள்ளை மாவை முந்தானையால் துடைத்துப் பளபளப்பாக்கினேன். “ஐயோ அக்கா, தொடைக்காதீக! அதுதான் அதுக்குச் சட்டை.”

பறித்ததை நிழலில் பரப்பி, சூடு தணிய இரண்டு மணி நேரம் விட்டோம். அடிபட்டது, காம்பு கழன்றது எல்லாம் தனியே போயிற்று. மிச்சத்தை ஓட்டை போட்ட இரண்டு அட்டைப் பெட்டிகளில், நடுவே காகிதம் வைத்து, இரண்டே அடுக்காக அடுக்கினாள்.

உடுமலை பஸ்ஸில் டிரைவர், “பொட்டிய இஞ்சின் மேல வையுங்கம்மா, ஆடாது” என்று அன்பாகச் சொன்னார். அந்தச் சூட்டில் வைத்தால் குழம்புதான். மடியிலேயே வைத்துக்கொண்டேன். முட்டி இன்னும் வலிக்கிறது.

மாலை ஐந்தேகாலுக்குக் கொழிஞ்சாம்பாறையில் இறங்கினால், வீட்டுக்காரர் சொட்டச் சொட்ட நனைத்த சாக்கோடு நிற்கிறார். பழம் வாடக் கூடாதாம்.

“ஏனுங்க, அதைக் கொண்டுபோய்க் கறிவேப்பிலைக்குப் போடுங்க!” பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது.

போகிறவர்களுக்கு: வெறும் அட்டைப் பெட்டி எடுத்துப் போங்கள், பாலித்தீன் பை வேண்டாம். மழையில் நனைந்த பழத்தை வாங்காதீர்கள். வீட்டில் காற்றோட்டமான நிழலில் வையுங்கள். பழுக்கிற வாழைத்தார் பக்கத்தில் இருந்தால் பிளம்ஸும் வேகமாகக் கனிந்துவிடும். தினமும் ஒருமுறை பார்த்துக் கெட்டதை எடுத்துவிடுங்கள்.

எங்கள் பெட்டிகளில் ஐந்தாம் நாள்வரை கெட்டது நான்கே பழம். அன்று காலை கடைக்குள் போனேன். வீட்டுக்காரர் ஒவ்வொரு பழத்தையும் காம்பைப் பிடித்துத் தூக்கி, மாவு கலையாமல் புதுக் காகிதத்தில் மாற்றிக்கொண்டிருந்தார்.

“நிக்காத புள்ள, வெயில் உள்ள வருது பாரு. கதவச் சாத்து” என்றார்.