கிணத்துல போட்ட கடல் பிளான்

பேராசிரியர் வாசிச்ச லிஸ்ட்ல என் பேரு கடைசியா வந்துச்சு. அதுவும் 'சமையல்'ங்கிற தலைப்புக்குக் கீழ. எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு.

எண்பதுகள்ல நடந்த கதை. நான் அப்ப மதுரையில ஒரு மிஷன் பள்ளிக்கூடத்துல சயின்ஸ் டீச்சர், குடியிருந்தது விளாங்குடியில. காலேஜ்ல விலங்கியல் பேராசிரியரா இருந்த ஒருத்தர், மண்டபத்துப் பக்கம் இருக்கிற ஆளில்லாத் தீவுகளுக்குப் போய், நாலு நாள் லாஞ்சுங்கிற மோட்டார் படகுலயே தங்கி, காத்துச் சிலிண்டரை முதுகுல மாட்டிக் கடலுக்குள்ள இறங்கிப் பவளப்பாறை பார்க்கணும்னு பிளான் போட்டாரு. அவர்கூட வேலை பார்க்கிற வாத்தியாருங்க ரெண்டு பேரும் சேர்ந்துக்கிட்டாங்க. லாஞ்சும் சிலிண்டரும் ஒரு டைவர் அண்ணன் பொறுப்பு. துறைமுகத்துல கப்பலுக்கு அடியில முங்கி வேலை பார்த்தவரு அவரு.

பவளத்தைப் பாட்டிலுக்குள்ள வச்சே பத்து வருசம் பாடம் நடத்தினவ நான். பார்மலின்ல ஊறின வெள்ளைத் துண்டு, அம்புட்டுத்தான். உசுரோட, கலரோட, ஒரு தடவை கண்ணால பார்த்துரணும்னு வெறியே இருந்துச்சு எனக்கு. இதைச் சொல்லித்தான் பேராசிரியர்கிட்டப் பேரு கொடுத்தேன். அவரு என்னை அடுப்பாங்கரைக்கு அனுப்பிட்டாரு.

"நான் என்ன சார், சோறாக்கவா லீவு போட்டுட்டு வாரேன்?"ன்னு கேட்டுட்டேன்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். ஆழம் தெரியாமக் காலை விடக்கூடாது. பொம்பளைங்களுக்கு இது தோதுப்படாது."

"ஆழத்தைப் பத்தி என்கிட்டயா? பேரையூர் பக்கத்துல எங்க அண்ணன் தோட்டத்துக் கிணத்தை வந்து பாருங்க. அதுல அடிமண்ணு எடுத்து விளையாண்டு வளர்ந்தவ நான்."

வாயைக் கொடுத்தாச்சு, விடுவாங்களா? அடுத்த ஞாயித்துக்கிழமையே எல்லாரும் சிலிண்டரோட எங்க அண்ணன் கிணத்துமேட்டுல வந்து நின்னாங்க. நான் வீட்டுக்காரரோட பழைய பேண்ட்டையும் முழுக்கைச் சட்டையையும் மாட்டிக்கிட்டு வந்தேன். "ஆத்தாடி, இதென்ன கோலம்!"னு அண்ணன் தலையில அடிச்சுக்கிட்டாரு. மூச்சுக்குழாயை எப்படிக் கடிக்கணும்னு டைவர் அண்ணன் சொல்லிக்கொடுத்தாரு. முத தடவை இருமிக்கிட்டே மேல வந்தேன். ரெண்டாவது தடவை அடிக்குப் போய் ஒரு பிடி களிமண்ணை அள்ளிட்டு வந்து பேராசிரியர் உள்ளங்கையிலயே வச்சேன். மனுசன் மூஞ்சியில ஈயாடலை.

உடம்பு மிதக்காம இருக்க இடுப்புல பாரம் கட்டணும். அவனியாபுரத்துப் பட்டறை ஒண்ணுல இரும்புத் துண்டுகளை வெட்டி வாங்கிக் கித்தான் பெல்ட்டுல கோத்திருந்தோம். யாருக்கு எத்தனை துண்டு கட்டினா அடிக்குப் போறாங்கன்னு அந்தக் கிணத்துலயே ஒவ்வொருத்தரா இறக்கிப் பார்த்து, பேராசிரியர் நோட்டுல எழுதிக்கிட்டாரு.

"அதைக் கடல்ல வச்சுப் பார்த்துக்கலாம் சார். எதுக்கும் கூட நாலு துண்டு கொண்டு வாங்க"ன்னாரு டைவர் அண்ணன்.

"பிளான்னா பிளான்தான் அண்ணே. இரும்பை யாரு பஸ்ல சுமக்கிறது? எல்லாம் இங்கயே முடிஞ்சுபோச்சு."

நானும் மாடு மாதிரித் தலையாட்டிக்கிட்டு நின்னேன்.

அப்புறம் மத்த ஏற்பாடெல்லாம் பேசினோம். அரிசி, மண்ணெண்ணெய் ஸ்டவ், டிரம்முல குடிதண்ணி, எல்லாம் கணக்கா எழுதியிருந்தாரு. "நாலு நாளைக்குக் கக்கூசுக்கு எங்க போறது சார்?"னு கேட்டேன். ஆம்பளைங்க எல்லாரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தாங்க. லாஞ்சு பின்னாடி பலகை அடிச்சுத் தார்ப்பாய் கட்டுறதுன்னு முடிவாச்சு. அந்த யோசனை என்னோடது, அதை இன்னைக்கும் பெருமையாத்தான் சொல்லுவேன்.

இம்புட்டுக்கும் அப்புறம் லிஸ்ட்டைத் திருத்திக் கொடுத்தாரு பாருங்க! 'சிலிண்டர்ல காத்து மிச்சமிருந்தா டீச்சர்.' சமையல் அப்படியே என் பேருலதான். போதாக்குறைக்கு, "வீட்டுல இருந்து சின்ன அம்மியும் குழவியும் எடுத்துட்டு வாங்க, அரைச்ச மசாலாவுல மீன்குழம்பு வச்சா ருசியே தனி"ன்னு வேற. "இந்த லட்சணத்துக்கு நீ போகவே வேணாம்"னு வீட்டுக்காரர் கொதிச்சாரு. நான் விடல. அம்மியையும் குழவியையும் சாக்குல கட்டி, மடியில வச்சுக்கிட்டே மண்டபம் போய்ச் சேர்ந்தேன்.

மறுநாள் காலையில தீவோரமா லாஞ்சு நின்னுச்சு. தண்ணி கண்ணாடி கணக்கா இருந்துச்சு. முத வாத்தியார் குதிச்சாரு. முங்கல. காலை உதைச்சாரு, கையை வீசினாரு, பின்பக்கம் மட்டும் மேல நின்னுச்சு. அடுத்தவரும் அப்படித்தான். "தள்ளுங்கய்யா"ன்னு பேராசிரியரே இறங்கினாரு. அவரும் தக்கை மாதிரி மிதந்தாரு. டைவர் அண்ணன் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. "உப்புத் தண்ணி தூக்கும் சார். கிணத்துக் கணக்கு இங்க செல்லாது. அதுக்குத்தான் கூட நாலு துண்டு கேட்டேன்."

எனக்கு வெக்கம் பிடுங்கித் தின்னுச்சு. உப்பு கரைச்ச தண்ணியில முட்டை மிதக்கும்னு வருசா வருசம் பிள்ளைகளுக்குச் செஞ்சு காட்டுறவ நான்! மிச்ச இரும்பு எல்லாம் எங்க அண்ணன் தோட்டத்துக் கிணத்துமேட்டுல கிடந்துச்சு. டைவர் அண்ணன் கிட்டயும் அவர் இடுப்புக்கு வேண்டிய ஈயம் மட்டுந்தான்.

ஸ்டவ் பக்கம் திரும்பினேன். குழவி அங்க சும்மா உருண்டுக்கிட்டு இருந்துச்சு.

சாக்கைக் கிழிச்சுக் குழவியைச் சுத்தி, இரும்புக்கு மேல இடுப்புல கட்டினேன். டைவர் அண்ணன் முடிச்சை இழுத்துப் பார்த்து, ஒரே இழுப்புல அவுர்ற மாதிரி மாத்திப் போட்டாரு. "வாங்க டீச்சர்"னாரு. ரெண்டு பேரும் இறங்கினோம்.

போனேன்யா, நேரா அடிக்குப் போனேன்! ஊதா, மஞ்சள், பச்சை, பாட்டில்ல நான் பார்க்கவே பார்க்காத கலரு. மான்கொம்பு மாதிரிக் கிளை விரிச்சு நின்னுச்சு பவளம். ஒரு நீல மீனு என் மூஞ்சிக்கு நேரா வந்து நின்னு முறைச்சுச்சு. மூஞ்சியில மாட்டியிருந்த கண்ணாடிக்குள்ள நான் அழுதேன். சந்தோசத்துல.

ஒரு பிடி வெள்ளை மணலோட மேல வந்தேன். பேராசிரியர் லாஞ்சு விளிம்பைப் பிடிச்சுக்கிட்டு இன்னும் மிதந்துக்கிட்டே இருந்தாரு.

"டீச்சர், அந்தக் குழவியைக் கொஞ்சம் கொடுங்களேன்"னாரு.

"நாலு நாளும் எனக்கு வேணும் சார். மீன்குழம்புக்கு மசாலா எதை வச்சு, யாரு அரைக்கிறதுன்னு லிஸ்ட்ல நீங்களே திருத்திக்கோங்க"ன்னு சொல்லிட்டு மறுபடி முங்கிட்டேன்.