ரப்பருக்குப் போன யோகன்

போன சனிக்கிழமை பதுளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு விழா. வழக்கமாக அங்கே பிரதம விருந்தினர் யார்? அடியேன்தான். வாரா வாரம் பேப்பரில் படத்தோடு எழுதுகிறவன் ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்?

இந்த முறை எனக்கு மூன்றாவது வரிசை. மேடையில், என் நாற்காலியில், மாலையோடு யோகன் — எட்டாம் வகுப்பில் ஒரே வாங்கில் பக்கத்தில் உட்கார்ந்து என் கணக்கைப் பார்த்தெழுதிய அதே யோகன்! இப்போது டொக்டர் யோகநாதன். ஜப்பானில் சிலிக்கோன் ரப்பர் ஆராய்ச்சி. எனக்கு வயிறு எரிந்தது. ஒளிப்பானேன்?

பக்கத்தில் கொஸ்லந்தைத் தேயிலைத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர். யோகன் பிறந்த லய வரிசையில் அடுத்த வீடு. மெதுவாகக் கேட்டார்.

"நம்ம யோகன் இப்ப ரப்பர்லயாங்க?"

"ஆமாங்க, ரப்பர்லதான்."

"மொனராகலை ரப்பர் தோட்டத்துப் பக்கமா?"

திருத்தியிருக்கலாம். மனசு வரவில்லை... "இன்னும் கொஞ்சம் தூரம்" என்றேன்.

"பாவம்... இவ்வளவு படிச்சும் தேயிலைய விட்டு ரப்பருக்குத்தான் போயிருக்கு. விடியக்காலம் எந்திரிச்சு பால் வெட்டணுமே!"

அந்தப் 'பாவம்' இருக்கிறதே... காதில் தேன்!

யோகன் பேச எழுந்தான். இது மரத்துப் பால் இல்லையாம். வெங்காயச் சருகைவிட மெல்லிய ஏடாக வார்த்து, கடுகளவு சென்சருக்குள் வைப்பார்களாம். இலேசாக அழுத்தினாலும் ஏடு வளையும். வளைவை வைத்து அழுத்தத்தை அறியலாம். இறுக வைக்கும் மருந்தைக் கூட்டினால் விறைக்கும், குறைத்தால் தொய்யும். முதல் இழுப்பில் முரண்டு பிடிக்கும், அடுத்தடுத்த இழுப்பில் இளகிவிடும். அதனால் பல தடவை இழுத்துப் பழக்கிவிட்டுத்தான் பாவிப்பார்களாம்.

"விட்டதும் பழைய அளவுக்குத் திரும்பணும். திரும்பலைன்னா சென்சர் பொய் சொல்லும்" என்று முடித்தான்.

மண்டபமே கைதட்டியது. பள்ளிக்கூட அதிபர் மைக்கைப் பிடித்து, "அடுத்த வருடமும் இவர்தான்!" என்று அறிவித்தார். என் நாற்காலி போயே போய்விட்டது. நானும் தட்டினேன் — முகத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவரத்தான் பெரும்பாடாக இருந்தது.

பெரியவர் என் பக்கம் திரும்பினார். "அது வேற ரப்பருங்க! ஒங்களுக்குத்தான் வெளங்கல போல. ஆமா, நீங்க எதுல இருக்கீங்க?"

நிமிர்ந்து உட்கார்ந்தேன். "பேப்பர்லங்க."

"கடதாசி பெக்டரியிலயா?" என்னை மேலும் கீழும் பார்த்தார். "பாவம்... அந்தத் தூசி ஒங்களுக்கு ஒத்துக்குதுங்களா?"

"இல்லைங்க ஐயா... கொஞ்சம்கூட ஒத்துக்கல!"