வலது பக்கத்துக் குரல்

பந்தாட்டத்தில் நான் லெஃப்ட் பேக். கோல் போட்டவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். கோல் விழாமல் பார்த்துக்கொண்டவன் அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் தன் சட்டையைத் தேடிக்கொண்டிருப்பான். பார்வர்டு ஆடுகிறவர்கள் மேல் எனக்கு இந்த வயதிலும் கொஞ்சம் கடுப்பு உண்டு. மறைக்க விரும்பவில்லை.

அறுபதுகளின் கடைசியில் ஓசூர் டீமுக்கு ஆடினேன். வார நாட்களில் ராயக்கோட்டை மண்டியில் காய்கறிக் கூடை தூக்குவேன், ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஓசூர் போவேன். உத்தனப்பள்ளியில் எங்கள் ரைட் பேக் ஏறுவான். ராகி பயிரிடும் குடும்பம், வீட்டில் கன்னடம். என்னோடு பேசும்போது பாதி தமிழும் பாதி கன்னடமும் கலந்து வரும். பஸ்ஸில் ஊர்க்கதை முழுக்கப் பேசித் தீர்ப்பான். ஆட்டத்தில் இறங்கிவிட்டால் வாயைத் திறக்க மாட்டான்.

சேர்ந்து ஆட ஆரம்பித்த புதிதில், உயரமாக வந்த ஒரு பந்துக்கு இருவரும் ஒரே நேரத்தில் எம்பினோம். மண்டையும் மண்டையும் மோதிக்கொண்டன. என் புருவம் கிழிந்து ரத்தம் கொட்டியது. கம்பவுண்டர் தையல் போடும்போது அவன் பக்கத்திலேயே நின்றான். அன்றைக்குத் திரும்பும் வழியில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். பந்து யாருக்கு வசதியோ அவன் குரல் கொடுக்க வேண்டும். மற்றவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் விலகிவிட வேண்டும். நான் 'விடு' என்பேன். அவன் 'பிடு' என்பான், கன்னடத்தில் அதே அர்த்தம்தான்.

அவன் கத்த மாட்டான். பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல அடங்கிய குரலில் ஒரு 'பிடு' வரும். அதைக் கேட்டதும் என் கால் தானாக ஒதுங்கிவிடும். பந்து அவனிடம் போய்ச் சேர்ந்ததா என்று நான் பார்த்ததே இல்லை, பார்க்க அவசியமும் வந்ததில்லை. என் வீட்டில் யாரையும் நான் அவ்வளவு நம்பியதில்லை. இதைச் சொன்னால் என் மனைவி கோபித்துக்கொள்வாள், ஆனால் உண்மை அதுதான்.

அப்போது ஓசூரில் தொழிற்சாலைகள் வந்திருக்கவில்லை. நிலையான சம்பளம் வேண்டுமென்றால் எல்லை தாண்டி பெங்களூர் போக வேண்டும். அங்கே பெரிய தொழிற்சாலைகள் டீம் வைத்திருந்தன. நன்றாக ஆடுகிறவனைக் கூப்பிட்டு வேலை கொடுத்துவிடுவார்கள். அப்படி ஒரு தொழிற்சாலை அவனைக் கூட்டிக்கொண்டு போனது. சந்தோஷமாகத்தான் வழியனுப்பினேன். அடுத்த ஞாயிறு உத்தனப்பள்ளியில் பஸ் நின்றபோது, பழக்கத்தில் ஜன்னல் ஓரமாக நகர்ந்து இடம் விட்டேன். கீரைக்கட்டோடு ஒரு அம்மாள் ஏறி உட்கார்ந்தார். ஓசூர் வரும்வரை அவர் மேல் எனக்கு எரிச்சலாக இருந்தது, பாவம்.

அவன் இடத்துக்கு வந்தவன் நல்ல ஆட்டக்காரன்தான். அவனும் குரல் கொடுப்பான். நான்தான் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு விலகுவேன். அதற்குள் பந்து போயிருக்கும்.

மறு வருஷம் மாதா கோவில் திருவிழாவுக்கு அந்தத் தொழிற்சாலை டீமே ஓசூரில் ஆட வந்தது. அவர்களுக்கு இன்னொரு பேக் தேவைப்படுகிறது, என்னைப் பற்றி என் பழைய ரைட் பேக் சொல்லி வைத்திருக்கிறான், ஆட்டம் முடிந்ததும் மேனேஜர் முடிவு சொல்வார் என்று முன்பே தகவல் வந்துவிட்டது. வேலை கிடைத்தால் கூடை தூக்க வேண்டாம் என்று வீட்டில் எல்லோரும் ஜெபம் செய்தார்கள். நானும் செய்தேன். ஆனால் நான் கேட்டது வேறு. மறுபடி அவனுக்கு இடது பக்கம் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

அன்றைக்கு ஆடியதுபோல நான் என்றுமே ஆடவில்லை. அவர்களுடைய பார்வர்டுகளில் ஒருவனையும் உள்ளே விடவில்லை. மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்து கோட்டருகே வந்து நின்று பார்த்தார். கோல் எதுவும் விழாமலேயே ஆட்டம் முடியப் போகிற நேரம். அவர்களுக்கு ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது. உயரமானவன் என்பதால், பேக் ஆடும் என் சிநேகிதனையும் முன்னால் அனுப்பினார்கள். பந்து வளைந்து நேராக என் தலைக்கு வந்தது. நான் எம்பத் தயாரானேன்.

பின்னாலிருந்து அதே குரல், "பிடு."

விலகிவிட்டேன். யோசிக்கவே இல்லை. என் பின்னால் நின்ற அவர்களுடைய பார்வர்டு ஒருவன் அந்தப் பந்தைத் தலையால் முட்டி கோலுக்குள் தள்ளினான்.

எங்கள் ஆட்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். சிநேகிதனுக்காக விட்டுக் கொடுத்துவிட்டேன் என்று ஒருவன் முகத்துக்கு நேராகவே சொன்னான். மேனேஜர் வந்து, நன்றாகத்தான் ஆடுகிறாய், ஆனால் முக்கியமான நேரத்தில் கோட்டை விட்டுவிட்டாய் என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். யாருக்கும் நான் விளக்கம் சொல்லவில்லை. சொன்னாலும் எவனுக்குப் புரியும்?

மைதானத்தை ஒட்டிய பம்பு செட்டில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். அவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நான் எங்க ஆளத்தான் வுடச் சொன்னேன்பா," என்றான். "அவன் வுடல. நீ வுட்டுட்ட."

தெரியும் என்றேன்.

"உன் வேல போச்சே."

போனால் போகட்டும் என்றேன். வீறாப்புக்குத்தான். மறுநாள் விடிந்தால் கூடைதான் என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

அவனும் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தண்ணீரில் நீட்டினான். பிறகு சொன்னான். "அங்க போயி ஒரு வருசம் ஆவுது. நான் பிடுன்னா ஒருத்தனும் வுடறதில்லப்பா. எல்லாம் வந்து மோதறானுங்க. இன்னிக்கி நீ ஒருத்தன்தான் வுட்ட."

சாலையில் அவர்களுடைய வேன் ஹாரன் அடித்தது. அவன் எழுந்து, ஈரக் காலோடு செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

வேலை போன வருத்தம் எனக்கு ஒரு மாதத்தில் ஆறிவிட்டது. அவன் அந்த ஊரில் யாரும் கேட்காமல் தனியாகக் குரல் கொடுத்துக்கொண்டிருக்கிறானே என்ற வருத்தம்தான் இன்றுவரை ஆறவில்லை.