நாச்சாரத்துக்கு மூன்று வளையங்களோடு

கோவை கணபதியில் ஆறு லேத்துகளோடு பட்டறை நடத்துகிறேன். பம்புசெட் உதிரிபாகம் செய்தே பதினெட்டு வருஷம் ஓட்டியாயிற்று. இப்போது ஆர்டர் இளைத்துவிட்டது. ஹைதராபாத்தில் பயணிகள் விமானத்துக்கும் போர் விமானத்துக்கும் இன்ஜின் செய்யும் ஒரு நிறுவனம் மாதிரி கேட்டது. தேறினால் எட்டுப் பேரின் வேலை நிலைக்கும்; இல்லையென்றால் இரண்டு லேத்தை விற்க வேண்டியதுதான். போன ஜனவரியில் மூன்று நிக்கல் கலவை வளையங்களோடு ரயிலேறினேன்.

மாலை நான்கு மணிக்குக் கிளம்பி மறுநாள் மதியம் 12.50க்குச் செகந்திராபாத். மாரெட்பள்ளியில் அறை 1,100 ரூபாய். அடுத்த நாள் காலை அங்கிருந்து நிறுவனம் இருக்கும் நாச்சாரம் எட்டு கிலோமீட்டர், ஆட்டோவில் 35 நிமிடம். 250 கேட்டவர் 180க்கு இறங்கினார். என் இந்திக்குப் பயந்திருக்க வேண்டும்.

வரவேற்பறையில் இரண்டு இன்ஜின்கள். பயணிகள் விமானத்தினுடையதன் முகப்பு விசிறிக்குள் நான் நிமிர்ந்தே நிற்கலாம். போர் விமானத்தினுடையது ஒல்லி, பின்னால் தீ கக்கும் நீளக் குழாய். இரண்டுக்குள்ளும் எங்களுடையதைப் போன்ற வளையங்கள் உண்டாம். பெருமையில் கொஞ்சம் மிதந்தேன்.

தர ஆய்வாளர் ஸ்டெல்லா மேடம், செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த, பேச்சில் அந்த ஊர் உருது கலக்கும் தமிழர். அவர் அளவுக் கருவியைத் தயார் செய்ய, நான் பொதியைப் பிரித்தேன். முதல் வளையத்தின் உள்பள்ளத்தில் கடுகளவு சிவப்பு. முதல் பீஸுக்குப் பொட்டு வைப்பது எங்கள் பட்டறை வழக்கம். கழுவியும் ஒட்டிக்கொண்டிருக்கிறது! கைக்குட்டை வரை கை போய்விட்டது. இது ஆட்களோடு பறக்கப்போகிற பொருள் என்று நினைத்ததும் கையை இழுத்துக்கொண்டேன்.

“மேடம், ஒரு தப்பு நடந்துபோச்சுங்க. இதுக்குக் குங்குமம் வெச்சுட்டனுங்க.”

“நக்கோ, நக்கோ, தொடைக்காதீங்க! அதுல ஈயம் இருந்துச்சுன்னா இன்ஜின் சூட்டுல மெட்டல் விரிசல் விட்டுடும். மத்த ரெண்டு?”

“அதுகளுக்கு வெக்கலீங்க.”

சிவப்பு அட்டை கட்டி அதை ஒதுக்கினார். மற்ற இரண்டையும் சோதிக்க இரண்டு மணி நேரம். என்னால் உட்கார முடியவில்லை. கடைசியில் இரண்டும் தேறின.

“ட்ரையல் ஆர்டருக்கு எழுதுறேன். ஆறு மாசம் பார்ப்போம். மறைச்சிருந்தா இந்த கேட்டோட முடிஞ்சிருக்கும் சார்.”

போகிறவர்களுக்கு: நுழைவு அனுமதிக்குப் பத்து நாள் முன்பே எழுதுங்கள். அசல் ஆதார் அவசியம். போனை வாசலில் வாங்கிவிடுவார்கள், முகவரியைத் தாளில் வைத்திருங்கள். பொட்டை மெஷினோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது மேடம் அந்த முதல் வளையத்தின் நிராகரிப்புத் தாள் நகல் ஒன்று தந்தார். ‘குறையைக் கண்டுபிடித்தவர்’ என்ற இடத்தில் என் பெயரும் பட்டறையின் பெயரும். விமான இன்ஜின் சம்பந்தப்பட்ட ஒரு தாளில் நாங்கள் முதன்முதலாக ஏறியது அந்த வரியில்தான். அதை ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறேன்.