மாமாவின் நினைவு மலரில் ஒரு கவர்னர்

மாமாவின் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு நினைவு மலர் அடித்தபோது ஒரு பக்கம் மிஞ்சிவிட்டது. சிவபுராணம் போட்டாயிற்று, தேவாரம் போட்டாயிற்று, நன்றியும் சொல்லியாயிற்று. ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டால் எங்கள் சனத்துக்கு மானம் போய்விடுமே! ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் அஜக்ஸில் பெரிய வீடு வைத்திருக்கும் மச்சான், மாமாவின் ஒரே மகன், இணையத்தில் தேடி ஒரு மாமனிதரைப் பிடித்து வந்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கத் தென்மாநிலம் ஒன்றில் கவர்னராக இருந்த வெள்ளைக்காரர். போர்வீரர், நீதிபதி, ஆளுநர் என்று தலைப்பு. தாடியும் இராணுவ உடுப்புமாக அரைப் பக்கத்துக்குப் படம். எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லி எனக்கு அனுப்பியிருந்தான். வாசிக்க வாசிக்கப் பற்றிக்கொண்டு வந்தது.

தன் மண்ணுக்காக வாளேந்தினாராம். என்ன மண்? பருத்திக் காடு. அதில் மாடாய் முறிந்து வேலை செய்ய விலைக்கு வாங்கிய கறுப்பு மனிதர்கள். அவர்களை விடமாட்டேன் என்றுதான் அந்தப் பெரிய மனிதர் சண்டைக்குப் போனார். போய்த் தோற்றார். தோற்றவரை என்ன செய்தார்கள்? ஊருக்குக் கூப்பிட்டு நீதிபதிக் கதிரையில் இருத்தினார்கள். நேற்றுவரை தான் அடித்து வேலை வாங்கிய ஆட்களுக்கே தீர்ப்புச் சொல்ல! பிறகு கவர்னர் பதவி. செத்த பிறகு சிலை வேறு. நாங்களும் ஒரு போரில் எல்லாம் இழந்துதான் ரொறன்ரோவுக்கு வந்தோம். மாமாவுக்குக் கிடைத்தது ஒரு ரெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவுகிற தொட்டி.

அந்தத் தொட்டியில் மாமாவுக்குப் பக்கத்தில் நின்றவர் ஒரு ஜமேக்காக்காரர். மாமாவுக்குக் கடைசிவரை இருந்த ஒரே கூட்டாளி. மாமா கண்ட முதல் பனிக்குத் தன் கோட்டைக் கழற்றிக் கொடுத்த மனிதர். "அந்த மனுசன் கட்டாயம் வரோணும், முன்வரிசையில இருக்கோணும்" என்று மாமி ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஜமேக்காக்காரரின் பாட்டன் பூட்டன்களும் கரும்புத் தோட்டத்துக்கு விற்கப்பட்டவர்கள்தான். மச்சானுக்குப் போன் எடுத்தேன்.

"உந்தப் பக்கத்தை எடுத்துவிடு. அவர் பார்த்தால் என்ன நினைப்பார்?"

"அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமோ?"

"படம் பார்க்கவும் தமிழ் வேணுமோடா?"

"உனக்கு எல்லாத்திலையும் பிழை பிடிக்கிறதுதான் வேலை. பிரிண்டுக்குக் குடுத்தாச்சு."

இவனைப் பட்டதாரியாக்கத்தான் மாமாவின் கை அந்தத் தொட்டியின் கொதிதண்ணீரில் வெந்தது.

முப்பத்தோராம் நாள் காலை, அந்தத் தாடிக்காரர் யாரென்று மாமியிடம் சொல்லிவிட்டேன். மாமி மலர்க் கட்டைத் தூக்கிக்கொண்டு போனார். மண்டப வாசலில் நின்று வந்தவர்களுக்கெல்லாம் மலர் கொடுத்தார். ஒருவரும் அதை விரித்துக்கூடப் பார்க்கவில்லை. நினைவு மலரை யார் வாசிக்கிறார்கள்! கடைசியாகக் கறுப்புக் கோட்டும் தொப்பியுமாக ஜமேக்காக்காரர் வாசலுக்கு வருவதைக் கண்டதும், மாமி ஒரு மலரை விரித்துக் கவர்னரின் தாளைச் சரக்கென்று கிழித்தார்.

மச்சான் பதறிப்போனான். "அம்மா! பின்பக்கத்திலதானே அப்பாவும் அவரும் நிக்கிற படம்!"

ரெஸ்ரோறன்ர் குசினியில் ஏப்ரனோடு இருவரும் நின்று எடுத்த ஒரே படம். அதைப் போடுகிறோம் என்று போனில் சொல்லித்தான் மாமி அவரை அழைத்திருந்தார்.

"தெரியும்," என்றார் மாமி. "உந்த மூஞ்சையை அந்த மனுசன்ரை கையில குடுக்கேலாது."

மலரைக் கொடுத்து, கையைப் பிடித்துக் கூட்டிப்போய் முன்வரிசையில் இருத்தினார். அவர் தொப்பியை மடியில் வைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். கடைசிப் பக்கம் வந்ததும், திரும்பவும் முதலில் இருந்து தேடத் தொடங்கினார்.